கொடுத்தவர் கடமை எங்கே முடிகிறது?

ஒருவர் ஒன்றைக் கொடுக்கிறார். மற்றவர் மகிழ்வோடு வாங்கிக்கொள்கிறார். ஆனால் கொடுக்கப்பட்டது வாங்கியவருக்குப் பயன்படவில்லை. இந்நிலையில் கொடுத்தவரின் கடமை முடிந்ததா, இல்லையா?

முடிந்தது என்று சொல்லிவிடுவது எளிது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, கேட்பதும் கேளாததும் அவரவர் பாடு என்பது உலக வழக்கு. நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். வீட்டுக் கணினியில் நாமே பதிந்த ஒரு குறுந்தகடும், அதை ஏற்க மறுத்த ஒரு காரின் ஒலிக்கருவியும் அந்த எண்ணத்தை மாற்றின. சிறிய நிகழ்ச்சிதான். ஆயினும் அது எழுப்பிய கேள்வி சிறிதன்று என்பதால் ஈண்டு எழுதத் துணிகிறோம்.

அது 2011ஆம் ஆண்டு. நம் மூத்த சகோதரிக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரம் இருமுறை காயல்பட்டினத்திலிருந்து திருநெல்வேலிக்குச் சென்று இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டிய நிலை. அவருடைய மகன் தம் காரில் அழைத்துச் செல்வார். போகும்போதாவது ஏதேனும் பேசிக்கொண்டு போகலாம். திரும்பும்போது பேசவும் தெம்பிராது. ஒருநாள் ராத்தா நம்மிடம், "உம்மா பேசின கேசட் உன்னிடம்தானே இருக்கிறது? வண்டியில் கேட்டுக்கொண்டே போகலாமே" என்றார்.

1984இல் நம் அன்னை உயிரோடிருந்தபோது பதிந்த ஒலிநாடா அது. தொட்டிலில் கிடந்த பேரனுக்குப் பாடிய தாலாட்டு, அண்டை வீட்டாரோடு பேசிய ஊர்ப்பேச்சு, அடுக்களையிலிருந்து யாரையோ அதட்டும் குரல் என எல்லாம் சேர்ந்து ஐம்பது நிமிடம் இருக்கும். அன்று தொட்டிலில் கிடந்தவர்தாம் இன்று கார் ஓட்டும் மருமகன். அவருடைய கார் 2003இல் செய்யப்பட்டது. அதில் நாடா போட வழியில்லை. தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த சி.டி. செட் மட்டுமே உண்டு. ஆகவே நாடாவைக் கணினியில் ஏற்றிக் குறுந்தகட்டில் பதிந்தோம். அதே கணினியில் போட்டுக் கேட்டோம். உம்மாவின் குரல் தெளிவாக ஒலித்தது. உறையிலிட்டு ராத்தாவிடம் கொடுத்தோம். மறுவாரம், "கேட்டீர்களா?" என்று வினவினோம். "நன்றாயிருக்கிறது தம்பி" என்றார். நம் மனம் நிறைந்தது.

நான்கு மாதங்கள் கழித்து, வேறு ஏதோ பேச்சினிடையே மருமகன் சொன்னார்: "மாமா, அந்த சி.டி. ஒருநாள்கூடப் பாடவில்லை. உள்ளே இழுக்கும், சற்று நேரம் சுற்றும், பிறகு வெளியே தள்ளிவிடும். 'மாமா ஆசையாய்ப் போட்டுத் தந்தது, சொல்லாதே, மனம் சங்கடப்படும்' என்று உம்மாதான் தடுத்துவிட்டார்கள்."

இதைக் கேட்டதும் வெட்கப்பட்டிருக்க வேண்டும். நாமோ வாதாடினோம். "நம் கணினியில் பாடுகிறதே! பழுது உன் வண்டியில்தான் இருக்கும்" என்றோம். "கடையில் வாங்கிய சி.டி. எல்லாம் அதில் பாடுகிறதே மாமா" என்றார் அவர். இருவர் சொன்னதும் உண்மையே. தகட்டில் பழுதில்லை, கருவியிலும் பழுதில்லை. ஆயினும் தாயின் குரல் மகளின் காதை எட்டவில்லை. அப்படியானால் பிழை எங்கே இருந்தது?

நான்கு தகடுகள் சொன்ன பாடம்

குறுந்தகட்டுக்கு ஓர் இலக்கணம் உண்டு. பிலிப்ஸ், சோனி எனும் இரு நிறுவனங்கள் 1980இல் அதை வகுத்தன. 1982இல் ஜப்பானில் தகடு விற்பனைக்கு வந்தது. ஒரு வினாடி ஒலியை 44,100 கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறையும் எண்ணாக மாற்றி, அவ்வெண்களை நுண்ணிய குழிகளாகச் சுருள் தடமொன்றில் அச்சிடுவர். குழி வரும் இடத்தில் லேசர் ஒளி மங்கித் திரும்பும். சமதளத்தில் பளிச்சென்று திரும்பும். அந்த மங்கலையும் பளிச்சிடலையும் கொண்டே கருவி படிக்கிறது. வீட்டில் பதியும் தகட்டில் உண்மையான குழி கிடையாது. அதில் ஒரு சாயப் படலம் உண்டு. லேசரின் சூட்டால் நிறம் மாறிய இடம், குழியைப் போலவே ஒளியை மங்கச் செய்கிறது.

நாம் கொடுத்த முதல் தகட்டில் இருந்தவை எம்.பி.3 கோப்புகள். அவை கணினிக்குப் பழகியவை. காரில் இருந்த கருவியோ 1980இன் இலக்கணத்தை மட்டுமே கற்றது. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்குப் பண்டித நடையில் கடிதம் எழுதி அனுப்பியதற்கு ஒப்பானது நம் செயல்.

இரண்டாவதாக, அழித்து அழித்து எழுதத்தக்க தகட்டை எடுத்தோம். தவறு நேர்ந்தால் அழித்துக்கொள்ளலாம் என்ற சிக்கனம் காரணம். ஆலையில் அச்சிட்ட தகடு தன்மேல் விழும் ஒளியில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமல் திருப்பியனுப்பும். அழித்தெழுதும் தகடு திருப்புவது 15 முதல் 25 விழுக்காடுதான். பழைய கருவியின் கண்ணுக்கு அது போதவில்லை. முணுமுணுத்துவிட்டு, எதிரே இருப்பவரைச் செவிடர் என்று சொல்லலாமா? இன்னொன்றும் தோன்றிற்று: கொடுத்ததை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கையிலேயே வைத்துக்கொண்டு கொடுத்தோமே, அது முழுக் கொடையாகுமா?

மூன்றாவதாக, ஒருமுறை மட்டுமே எழுதத்தக்க தகட்டில், முறையான ஒலித்தகடாகவே பதிந்தோம். ஆயினும், "இடம் மிச்சமிருக்கிறதே, உம்மாவின் குரல் வேறெங்கேனும் கிடைத்தால் சேர்க்கலாமே" என்று அதை மூடாமல் விட்டோம். இதுவும் நம் கணினியில் பாடிற்று, காரில் பாடவில்லை.

இதன் காரணம் சிந்திக்கத்தக்கது. தகட்டின் உள்விளிம்பை ஒட்டி, ஒலிக்கு முன்பாக, ஒரு பொருளடக்கம் இருக்க வேண்டும். எந்தக் கருவியும் முதலில் அதைத்தான் தேடும். பதியும்போதோ அந்த இடம் வெற்றிடமாக விடப்படுகிறது. எல்லாம் முடிந்து, "இனிச் சேர்ப்பதற்கில்லை" என்று மூடும்போதுதான் அது எழுதப்படுகிறது. முன்னே நிற்க வேண்டியது கடைசியில் எழுதப்படுகிறது. அதுவரை, பதியும் கருவி தனக்கென ஒரு குறிப்பை இன்னும் உள்ளே ஒரு மூலையில் வைத்துக்கொள்கிறது. அந்த மூலை பதியும் கருவிகளுக்குத் தெரியும். பாடுவதற்கென்றே செய்யப்பட்ட கருவிக்குத் தெரியாது. அதனால்தான் நமக்கு விளங்கியது பிறருக்கு விளங்கவில்லை. நாம் பேசுவதிலும் இது உண்டல்லவா? பேச்சின் தொடக்கமும் முடிவும் நம் மனத்துக்குள் தெளிவாக இருக்கின்றன. அத்தெளிவைப் பேச்சிலும் வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

நான்காவது தகட்டை ஒழுங்காக மூடினோம். ஆனால் அவசரப்பட்டு, 52 மடங்கு வேகத்தில், மலிவான தகட்டில் பதிந்தோம். அழகுக்காக மேலே ஒரு காகித வில்லையும் ஒட்டினோம். காரில் பாடிற்று, விக்கி விக்கிப் பாடிற்று. வெயிலில் நின்ற வண்டியின் சூட்டில் வில்லையின் ஓரம் கிளம்பியதை மருமகன் பார்த்து எடுத்துவிட்டார். இல்லையேல் அது உரிந்து கருவியின் குறுகிய வாய்க்குள் சிக்கியிருக்கும்.

ஐந்தாவதில், தரமான தகட்டில், 16 மடங்கு வேகத்தில், ஒலித்தகடாக ஒரே மூச்சில் பதிந்து, மூடினோம். வில்லை ஒட்டவில்லை. இம்முறை நம் கணினியில் கேட்டதோடு நிற்காமல், அந்தக் காரிலேயே அமர்ந்து கடைசிவரை கேட்ட பிறகே ராத்தாவிடம் கொடுத்தோம். மறுநாள் அவர்களோடு நாமும் சென்றோம். ஆத்தூர்ப் பாலம் தாண்டும்வரை ராத்தா ஒன்றும் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "இது உனக்குப் பாடினதுடா" என்றார்.

யார் மாற வேண்டும்?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அந்தக் கருவி பழையது. பின்னர் வந்த கருவிகள் எம்.பி.3 கோப்பையும் அழித்தெழுதும் தகட்டையும் ஏற்றன. குறைபாடு கருவியிலிருக்க, கொடுத்தவர் ஏன் சுமக்க வேண்டும்?

பிழை யாருடையது என்பது ஒரு கேள்வி. பொறுப்பு யாருடையது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதால்தான் வீடுகளில் பல வழக்குகள் தீராமல் நிற்கின்றன. அந்தக் கருவி காரின் முகப்போடு முகப்பாக அமைந்தது. நோயாளியான ராத்தாவால் அதை மாற்ற இயலாது. தகட்டை மாற்ற நம்மால் இயலும். அதற்குச் சில ரூபாயும் ஒரு மாலைப் பொழுதும் போதும். ஆகவே பிழை எவரிடமிருப்பினும், மாற இயன்றவர் மீதே பொறுப்பு விழுகிறது. நாம் அடைந்த முடிவு இதுவே.

கேட்பவர் தரத்துக்கு இறங்கினால் சொல்லும் பொருளும் இறங்கிவிடாதா என்று சிலர் அஞ்சுவர். ஐந்து தகடுகளிலும் உம்மாவின் சொல் ஒன்றுகூட மாறவில்லை. மாறியது அது பயணப்பட்ட வடிவம் மட்டுமே. பொருளை மாற்றுவது வேறு, பொருள் போய்ச் சேரும் வழியை மாற்றுவது வேறு. முன்னது சொல்லுக்குச் செய்யும் துரோகம். பின்னது கேட்பவருக்குக் காட்டும் மரியாதை.

வாங்குபவருக்கும் கடமை இல்லாமலில்லை. ரீட், சாலமன் எனும் அமெரிக்கக் கணித அறிஞர் இருவர் 1960இல் வெளியிட்ட ஒரு முறையைக் குறுந்தகட்டில் கையாண்டிருக்கிறார்கள். அதனால், தடத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளம் தொடர்ந்து அழிந்துபோனாலும், கருவி சுற்றியுள்ளவற்றைக் கொண்டு விடுபட்டதைப் பிழையின்றிக் கண்டுபிடித்துவிடும். நல்ல செவியும் அப்படித்தான். திக்கித் திக்கிச் சொன்னாலும் கருத்தைத் தேடி எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் பெருந்தன்மைக்கு ஓர் எல்லை உண்டு. அதை நம்பி அலட்சியமாகப் பேசுவது முறையன்று.

இன்னொன்று நம்மை இன்றும் உறுத்துகிறது. கருவிக்கு நாகரிகம் தெரியாது. ஏற்க முடியாததை வெளியே தள்ளிவிட்டது. மனிதர் அவ்வாறு தள்ளுவதில்லை. சிரித்து வாங்கி வைத்துக்கொண்டு, "நன்றாயிருக்கிறது" என்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில், "விளங்கிற்றா?" என்று கேட்டு வந்திருக்கிறோம். "விளங்கிற்று" என்றே பிள்ளைகள் சொல்லி வந்திருக்கிறார்கள். அவற்றுள் எத்தனை, நம் மனம் சங்கடப்படக்கூடாது என்பதற்காகச் சொல்லப்பட்டவையோ! சேரவில்லை என்று சொல்ல ராத்தா அஞ்சினார் என்றால், அந்த அச்சத்தை வளர்த்தவர் யார்? நான்கு மாதங்களில் முப்பதுக்கு மேற்பட்ட பயணங்களை அவர் தாயின் குரலின்றிக் கடந்தார். ஒருமுறை உடன் சென்றிருந்தால் நாம் அறிந்திருப்போம்.

கொடுத்தவர் மறைந்த பின்

நம் வீட்டுப் பெட்டியில், வாப்பா கொழும்பில் வணிகம் செய்த காலத்தில் உம்மா அவருக்கு எழுதிய கடிதங்கள் உள்ளன. எல்லாம் அரபுத் தமிழில் எழுதியவை. மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் கூடுதல் குறிகள் இட்டிருக்கும். அக்காலத்தில் அதைப் படிக்கத் தெரியாத பெண்கள் நம்மூரில் அரிது. இன்று நம் வீட்டுப் பேரப் பிள்ளைகளில் ஒருவருக்கும் படிக்க வரவில்லை. கடிதத்தில் பழுதில்லை, பிள்ளைகளின் கண்ணிலும் பழுதில்லை. இங்கும் அதே கதைதான்.

ஆனால் இம்முறை எழுதியவர் மாற முடியாது, அவர் மறைந்துவிட்டார். மாற இயன்றவர் படிப்பவரே. ஆகவே பொறுப்பு இப்போது இளையோர் மீது விழுகிறது. அவர்களுக்குக் கற்பிக்க இயன்ற நம் மீது அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

ராத்தா 2013இல் நம்மைப் பிரிந்தார். அந்தக் காரும் விற்றாயிற்று. மருமகன் இப்போது ஓட்டும் வண்டியில் தகடு போடும் வாயே இல்லை. இன்று வரும் பெரும்பாலான புதிய வண்டிகளின் நிலையும் இதுதான். அந்த ஐந்தாவது தகட்டின் சாயமும் வெயிலாலும் சூட்டாலும் மங்கக்கூடியது. எனவே உம்மாவின் குரலைப் புதிய வடிவுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறோம். மருமகனின் மகள் அதைக் கேட்கிறாளாம்.

"கேட்கிறாளாம்" என்று எழுதும்போதே நாம் பழைய தவற்றை மீண்டும் செய்கிறோம் என்பது புலப்படுகிறது. வரும் வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சென்று, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, உடன் கேட்டுவிட்டு வரலாம் என்றிருக்கிறோம். இதைப் படிக்கும் அன்பர்களும், தாம் கொடுத்துவிட்டதாக எண்ணி அமைதி கொண்டிருக்கும் ஏதேனும் ஒன்றை நினைத்துப் பார்த்து, வாங்கியவரின் அருகே ஒருமுறை சென்று அமர்வார்களாக.