திரும்பக் கேட்கும் பணம்

பெர்னார்ட் ஷாவின் 'மேஜர் பார்பரா' (1905) எங்களுக்கு பி.ஏ.வில் பாடமாக இருந்தது. ஒரு சாராய முதலாளியும் ஒரு பீரங்கி வியாபாரியும் தரும் நன்கொடையை சால்வேஷன் ஆர்மி ஏற்றுக்கொள்கிறது. பீரங்கி வியாபாரி பார்பராவின் அப்பா. அவள் தன் சின்னத்தைக் கழற்றி அவர் காலரில் குத்திவிடுகிறாள். கறைபட்ட பணத்தால் நல்ல காரியம் செய்யலாமா என்று பரீட்சையில் நான்கு பக்கம் எழுதினேன். வங்கியில் குமாஸ்தாவாகப் பத்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்த பிறகு, அந்தக் கேள்வியே சற்று சௌகரியமானது என்று படுகிறது. ஷாவின் முதலாளிகள் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. (ஏழைகள் அமைதியாக இருந்தால் அவர்களுக்கு லாபம், அது வேறு விஷயம்.) நன்கொடை எத்தனை அழுக்கானாலும் கொடுத்ததோடு தீர்ந்தது. முதலீடு எத்தனை சுத்தமானாலும் திரும்பி வந்தாக வேண்டும், வளர்ந்தும் வர வேண்டும்.

மெக்ஸிகோவின் கம்பார்த்தாமோஸ் 1990இல் ஒரு சேவை ஸ்தாபனமாகத் தொடங்கியது. ஏழைப் பெண்களுக்குக் குழுவாகச் சிறு கடன். பெயருக்கே 'பகிர்ந்துகொள்வோம்' என்று பொருள். 2007 ஏப்ரலில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. விற்றவர்கள் ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள்; திரண்ட சுமார் 45 கோடி டாலரில் புதுக் கடன்களுக்கென்று ஒரு காசும் போகவில்லை. அப்போது கடனாளிகள் கட்டிய வட்டி ஆண்டுக்கு 80 சதவீதத்துக்கும் மேல். கிராமீன் வங்கியின் முகமது யூனுஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். விற்றவர்களில் ஒன்றான அக்ஸியோன் என்ற அமெரிக்க சேவை அமைப்பு, வந்த லாபம் மேலும் சேவைக்கே போகும் என்றது. அது பொய் என்று நான் நினைக்கவில்லை. சங்கடமே அதுதான். ஓர் ஏழையிடம் வாங்கிய வட்டி இன்னொரு ஏழைக்குச் சேவையாகிறது. வட்டி கட்டியவளின் சம்மதத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நம் பக்கத்தில், இதேபோல் சேவை அமைப்பாகப் பிறந்த எஸ்.கே.எஸ். 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தையில் ஏறியது. அக்டோபரில் ஆந்திர அரசு நுண்கடன் வசூலுக்குக் கடிவாளம் போட்டு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இடையில் இரண்டே மாதம்.

சந்தை வந்தால் சேவையின் மதிப்பீடுகள் வெளியேறிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் இருந்து பார்க்கும்போது அப்படித் தெரியவில்லை. சந்தை அவற்றைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்கிறது. குழுக்கடனுக்கு ஈடு கிடையாது என்பார்கள். உண்டு. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். நாளைக் காலை குழாயடியில் யார் முகத்தில் விழிப்பது என்ற அச்சம்தான் ஈடு. இதற்கு நாங்கள் பதிவேட்டில் வைத்திருக்கும் பெயர் 'பரஸ்பர நம்பிக்கை'. நம்பிக்கை பொய்யாக இருந்தால் இந்த ஈடு செல்லாது. உண்மையான ஒட்டுறவு இருக்கிற தெருவில்தான் வசூல் நன்றாக நடக்கிறது.

குழுக்களை எங்கள் கிளைக்கு அழைத்துவரும் ஒரு பெண் சமூகப்பணி படித்தவர். வீடு தேடிப் போவதுதான் அந்தப் படிப்பின் முதல் பாடம் என்று ஒருநாள் சொன்னார். "முன்னெல்லாம் ஒருத்தங்க கூட்டத்துக்கு வரலேன்னா ஏன் வரலேன்னு கேக்க வீட்டுக்குப் போவோம் சார். இப்பவும் போறோம். கேக்குற கேள்விதான் வேற." அவர் வருத்தத்தோடு சொன்னதாகக்கூடத் தோன்றவில்லை. தகவல் மாதிரி சொன்னார்.

என்னையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் கிளையில் குழுக்கடன் வசூல் நூறு சதவீதம். மாதாமாதம் அந்த எண்ணை மேலே அனுப்புகிறவன் நான். சென்ற வருஷம் ஒருநாள் நகைக்கடன் கவுண்டரில் ஆளில்லாததால் அங்கே உட்கார்ந்தேன். ஒரு குழுவின் தலைவி கம்மலைக் கழற்றி வைத்தாள். இரண்டு கிராமும் சொச்சமும். அப்ரைசர் உரசிப் பார்த்து எடை சொன்னார். தவணை தவறிய வேறொருத்திக்காக இவள் கட்டப்போகிறாள் என்பது பேச்சில் தெரிந்தது. அந்தப் பணம் கவுண்டரை விட்டு வெளியே போகக்கூட இல்லை. ஒரு பேரேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறியது. நகைக்கடனில் வளர்ச்சி, குழுக்கடனில் முழு வசூல். இரண்டும் கிளைக்கு நல்ல செய்தி. அவள் நல்லவளாக இருந்ததுதான் இரண்டுக்கும் காரணம். அதை எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது, இருந்தால் அதற்கும் ஓர் இலக்கு வைத்துவிடுவார்கள் என்றே தோன்றுகிறது.

ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "அவ பேர்லயே கட்டினதா எழுதிருங்க சார். எம் பேரு வேணாம்."

எழுதினேன்.