ஏரியை யாரிடம் ஒப்படைப்பது?

சீடன்: ஐயா, ஏரி வேலை தெரியாத ஊர், அது தெரிந்தவரை எப்படி அடையாளம் காணும்? அவரைக் கண்டறியவே அந்த அறிவு வேண்டுமே!

குரு: உத்திரமேரூர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து அவ்வூர்க் கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன; ஆண்டு கி.பி. 919, 921.

சீடன்: குடவோலைதானே? ஊரின் 30 குடும்புகளிலும், அதாவது பகுதிகளிலும், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். ஓலை வந்தவரிடம் ஏரியைக் கொடுத்துவிடுவதா?

குரு: குடம் கிடக்கட்டும். யார் பெயரை ஓலையில் எழுதக் கூடாது என்றார்கள்? முன்பு வாரியத்தில், அதாவது ஊர்க் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் கூடாது. மதகின் நுட்பம் தெரியாதவனுக்கும், பொறுப்பேற்றவர் கணக்கோடு சபைமுன் வந்து நின்றாரா என்பது தெரியுமல்லவா?

சீடன்: அது நேர்மைக்குச் சான்று. நேர்மையானவர் கட்டிய கரையும் உடையலாமே.

குரு: உடையும். அதற்குத்தான் படிகள் வைத்தார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஊர்க் காரியங்களைப் பொதுவாகப் பார்க்கும் சம்வத்சர வாரியத்துக்கு, முன்பு அவ்விரண்டிலும் இருந்தவர்களையும் கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களையும் எடுத்தார்கள். பல துறை அறிந்தவர் என்று ஒருவரை ஏற்குமுன், ஏதாவது ஒன்றில் அவர் முன்பே பொறுப்பு வகித்தாரா என்றும் பார்த்தார்கள். எனக்கு அந்தக் கல்வெட்டில் மிகவும் பிடித்த இடம் இது.

சீடன்: ஆனால் அது பிராமணர் ஊர். ஓலையில் பெயர் வரச் சொந்தமாக வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். ஏரியில் மண் சுமந்தவருக்கு ஓலை இல்லையே!

குரு: இல்லை. அது சிறு குறையன்று. கரையோடு நாள்தோறும் புழங்கியவர்களைத் தள்ளிவைத்துவிட்டு, ஏரிக்கு ஆள் தேடினார்கள்.

சீடன்: இன்று நாம் வல்லுநர்களைப் புகழைப் பார்த்துத்தானே நம்புகிறோம்?

குரு: பிலிப் டெட்லாக் என்ற உளவியலாளர் 284 வல்லுநர்களின் அரசியல் கணிப்புகளைப் பல ஆண்டுகள் எழுதிவைத்து, நடந்ததோடு ஒப்பிட்டார். 2005இல் நூலாக வந்தது. ஊடகங்கள் அதிகம் தேடியவர்களே மற்றவரைவிட அதிகம் தவறியிருந்தார்கள். அதுவரை அவர்களிடம் கணக்குக் கேட்டவர் அரிது.

சீடன்: எங்கள் ஏரிக்கு ஒரு பொறியாளர் வருகிறார். அவரிடம் என்ன கேட்க?

குரு: முன்பு எந்த ஏரியைச் சீர்செய்தார், அதில் எது சரிவரவில்லை என்று கேள். பிறகு அந்த ஊருக்குப் போ. போன ஐப்பசி மழையில் கரை எங்கே கசிந்தது என்று வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்க்கட்டியிடமும், தண்ணீர் வந்து சேர்ந்ததா என்று கடைமடைக்காரரிடமும் விசாரி. பொறியாளர் சொன்னதோடு அது ஒத்துவந்தால், மதகுச் சாவியைக் கொடு.