யார் தோட்டத்திலிருந்து?



பறவைகளுக்கு உணவளிப்பவர் விண்ணகத் தந்தை என்று இன்றைய நற்செய்தியில் (மத்தேயு 6) ஆண்டவர் சொல்லக் கேட்டோம். கோவை, திருப்பூர்ப் பக்கத்து விவசாயியிடம் இதைச் சொன்னால், “சரிங்க சாமி, ஆரு தோட்டத்துல இருந்துங்க?” என்றுதான் கேட்பார். இந்தக் கேள்வியை நம்பிக்கைக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன்.

நம் ஊர்ச் சாலைகளில் மயில்கள் இப்போது வளர்ப்புக் கோழிகளைப் போல நடக்கின்றன. அவை ஒதுங்கத் தரிசில் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது, அவற்றைப் பிடிக்கும் நரிகள் அருகிவிட்டன. விடிந்ததும் மயில்கள் புதரிலிருந்து இறங்கி நிலக்கடலை, தக்காளி, மக்காச்சோளம் என்று ஒரு சுற்று. விதைத்ததைக் கிளறும், முளைத்ததைக் கொத்தும். சாலமோன் அரசருக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலில் வந்திறங்கியவற்றில் மயில்களும் உண்டு (1 அரசர்கள் 10). அவருக்குத் தக்காளித் தோட்டம் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

இதைத் தாங்காமல் சிலர் மயில்களைக் கொல்லத் தானியத்தில் பூச்சிமருந்து கலந்து வரப்பில் தூவுகிறார்கள். மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது சிறைக்குரிய குற்றம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அந்தத் தானியத்தை ஆடும் தின்னும், அடுத்த வீட்டுக் கோழியும் தின்னும். அப்படி நஞ்சு வைப்பது பாவம், பூசி மெழுக எனக்கு வழியில்லை. வழியில் ஒரு கூட்டைக் கண்டால் முட்டைமேல் அமர்ந்திருக்கும் தாயைப் பிடிக்காதே என்று சட்டம் தந்தவர் நம் கடவுள் (இணைச் சட்டம் 22). மயிலும் தரையைக் கீறித்தான் முட்டையிடுகிறது, பலநேரம் நம் பயிருக்குள்ளேயே.

ஆனால் பயிரைப் பறிகொடுத்தவரிடம் மட்டும் பொறுமையைப் போதித்துவிட்டு நான் பீடத்துக்குத் திரும்ப முடியாது. ஏழாம் ஆண்டு நிலத்தைச் சும்மா விடச் சொன்னார் ஆண்டவர். அதில் விளைவதை முதலில் ஏழைகள் உண்ணவேண்டும், மீந்ததைக் காட்டு விலங்குகள் தின்னட்டும் என்றார் (விடுதலைப் பயணம் 23). இந்தக் கடமை நிலம் வைத்திருந்த எல்லார்மீதும் விழுந்தது. இங்கோ புதரோரத்தில் நிலம் வைத்திருப்பவர் மட்டும் மயிலுக்குப் படியளக்கிறார். மற்றவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகிறோம். கடவுள் தம் பறவைகளுக்கு ஊட்டுவது இவருடைய தோட்டத்திலிருந்து என்றால், இவருக்கு நாம் கடன்பட்டவர்கள்.

விதைப்பு முடிந்து முளை வேர்பிடிக்கும் வரை காலையும் மாலையும் காவல் வேண்டும். இப்போது அங்கே தனியாக நிற்பவர்களில் பலர் வயதானவர்கள். இந்த வாரம் நம் பங்கின் சிறு குழுக்களான அன்பியங்கள் கூடும்போது இதைப் பேசி, முறைவைத்து ஆள் அனுப்புங்கள். இளையோரே, சாலையில் வண்டி வேகத்தைக் குறையுங்கள். கடந்து போகும் பெட்டை மயிலுக்குப் பின்னால் குஞ்சுகள் வரும். பயிரைக் காக்க வலை வாங்க வசதியில்லாதவர்கள் கூச்சப்படாமல் பங்குப் பேரவையிடம் சொல்லுங்கள். அதற்காகத் திருவிழாவுக்கு ஒதுக்கிய பணத்தில் வாணவேடிக்கைச் செலவைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை.