உப்பு இல்லாத ராஜ்யம்

போன பொங்கலுக்கு மரக்காணம் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டர் கேமின் கோடைத் திருத்திக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஆபீஸ் வேலையாடா?"

"இல்லம்மா. உலகம் பூரா இருக்கிற ஆளுங்க சேர்ந்து சும்மா பண்றது."

"காசு குடுப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கற?"

இருபது வருஷம் உப்பளத்தில் உப்பு வாரியவர். கிண்டலுக்குக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

அந்த கேமின் பெயர் 'ஸீரோ ஏ.டி.' கி.மு. 1-க்கு அடுத்தது நேராக கி.பி. 1 என்பதால், இல்லாத ஒரு வருஷத்தின் பெயர் அது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' பைத்தியங்கள் சிலர் 2001-இல் ஆரம்பித்தது. முதலில் அந்த கேமின் இரண்டாம் பாகத்துக்கு ஒரு 'மாட்' செய்யத்தான் நினைத்தார்கள். எஞ்சின் கம்பெனியுடையது, உள்ளே இருக்கும் படையும் கோட்டையும் மட்டும் நம்முடையது, அதுதான் மாட். அதற்குள் நினைத்ததையெல்லாம் செய்ய முடியாது என்று தெரிந்ததும், 'பைரோஜெனிசிஸ்' என்று சொந்த எஞ்சினையே அடியிலிருந்து எழுதினார்கள். 2009-இல் மொத்தக் கோடையும் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள்.

மாட் செய்வது எங்க ஊர் உப்பளம் மாதிரி. நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை ஒருவருடையது, உப்பு வாருவது மூன்றாமவர். மழைக்காலம் முடிந்து சேறாகக் கிடக்கும் பாத்தியைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கியவருக்கு அதில் ஒரு சாண்கூடச் சொந்தமில்லை. இவர்கள் சொந்தமாகப் பாத்தி கட்டினார்கள், அதையும் பொதுவில் விட்டார்கள். அம்மாவுக்கு இதையே பதிலாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

ஆனால் சொந்தப் பாத்திக்கும் கூலி யாராவது கொடுத்தாகணும். 2013-இல் இணையத்தில் 1,60,000 டாலர் திரட்டப் பார்த்தார்கள். கிடைத்தது 33,000 டாலருக்குக் கொஞ்சம் மேல். இத்தனை வருஷமாக இந்த கேமைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் யார் யாருடையவோ ராத்திரிகளும் சனி ஞாயிறுகளும்தான். அப்படியான ராத்திரிகள் யாரிடம் இருக்கின்றன? வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்கணும் என்று விடிவதற்கு முன்பே அளத்துக்குப் போனவரிடம் இல்லை.

இதில் எனக்கு ஒரு பழைய வருத்தமும் உண்டு. ரோம், கார்த்தேஜ், ஸ்பார்ட்டாவோடு மௌரியர்களும் இந்த கேமில் இருக்கிறார்கள். அசோகர் தன் கல்வெட்டிலேயே பேர் சொல்லிக் குறிப்பிட்ட சோழரும் பாண்டியரும் இல்லை. கேட்டால் வழக்கமான பதில்: "கோட் திறந்துதானே இருக்கு, நீயே சேர்." என்னைப் பொறுத்தவரை நியாயமான பதில். அம்மாவிடம் அதைச் சொல்ல முடியுமா? கதவில் பூட்டு இல்லை என்பதும், வாசல்வரை வர ஒருவருக்கு நேரம் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. பூட்டை எடுத்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் "நான் காசு வாங்காம செய்றேன்" என்று பெருமைப்படும்போது ஒன்றை மறந்துவிடுகிறேன். என் காலேஜ் ஃபீஸ் உப்பிலிருந்து வந்தது. இன்றைக்கு நான் இலவசமாகக் கொடுக்கும் நேரத்துக்கு அம்மா எப்போதோ விலை கொடுத்துவிட்டார்.

அதற்காக நிறுத்திவிடணுமா? அப்படித் தோன்றவில்லை. அம்மா வாங்கிக் கொடுத்த நேரம் என்றால், அதை எதில் செலவழிக்கிறோம் என்று பார்க்கணும், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஸ்கிரீனைக் காட்டி விளக்கினேன்: "இது சாப்பாடு, இது மரம், இது கல், இது உலோகம். இந்த நாலை வச்சு ராஜ்யம் கட்டணும்."

"உப்பு?"

இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக எத்தனையோ பேர் சேர்ந்து கட்டிய உலகத்தில் உப்பு இல்லை, எனக்கும் அதுவரை உறைக்கவே இல்லை. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அந்த நூலிலேயே உப்பு வண்டியோடு உமணர் வருகிறார்கள்.

இப்போது ராத்திரிகளில் ஓர் உமணர் வண்டியை மாடலிங் செய்துகொண்டிருக்கிறேன். அதை கேமில் சேர்த்துக்கொள்வார்களா, தெரியாது. படத்தை வாட்ஸப்பில் அனுப்பியதும் அம்மா போன் செய்தார்: "மூட்டைய இப்படி அடுக்கினா மொத மேட்டுலயே சரிஞ்சிடும்." எப்படி அடுக்குவது என்று பத்து நிமிஷம் சொன்னார். மாற்றிவிட்டேன். இந்த வண்டி எங்கே போனாலும், செய்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பேர் இருக்கும், அதில் முதல் பேர் என்னுடையதாக இருக்காது.