ஆன்லைன் விளையாட்டும் நமது நாவும்

  

இன்றைய ஜுமுஆவில் நம் பிள்ளைகளின் செல்போன் விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. விளையாடலாமா கூடாதா என்ற மஸ்அலாவுக்குள் நான் போகவில்லை. அதற்குத் தனி ஜுமுஆ வேண்டும். விளையாடும்போது அவர்கள் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

பெரியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பப்ஜியை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது. மறு ஆண்டே பிஜிஎம்ஐ என்ற பெயரில் ஏறக்குறைய அதே விளையாட்டு வந்துவிட்டது. ஓர் ஆட்டத்தில் 100 பேர் வரை இறங்குவார்கள். நான்கு பேராக அணி சேர்வார்கள். கூட்டாளிகள் நான்கு பேர் கிடைக்காவிட்டால், முன்பின் தெரியாத யாரையோ விளையாட்டே கொண்டுவந்து சேர்த்துவிடும். காதில் ஹெட்செட், வாயருகே மைக். ஒருவன் சுடப்பட்டு விழுந்தால் அணிக்காரன் ஓடிவந்து எழுப்பிவிட வேண்டும். அவன் வரக் கொஞ்சம் தாமதமானால் வசை ஆரம்பிக்கிறது. முதலில் 'நூப்' என்பார்கள், விளையாடத் தெரியாதவன் என்று பொருள். அப்புறம் 'பாட்', அதாவது நீ மனிதனே இல்லை, மெஷின். அடுத்த நிமிடம் அவனுடைய தாயை இழுத்துவிடுவார்கள். பெண் குரல் கேட்டுவிட்டால் நடக்கும் பேச்சை மிம்பரில் நின்று சொல்ல முடியாது. அதனாலேயே எத்தனையோ பெண் பிள்ளைகள் மைக்கை அணைத்துவிட்டு விளையாடுகிறார்கள். இப்படிப் பேசுவது பள்ளிக்கூடப் பையன்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்களும் அதில் இருக்கிறார்கள்.

கேட்டால், "அது சும்மா கேமுக்காக ஹஜ்ரத்" என்கிறார்கள்.

புகாரியில் வரும் ஒரு சம்பவத்தைப் பாருங்கள். அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார்கள். அந்த மனிதரின் பெயர் புகாரியில் இல்லை. பிலால் (ரலி) அவர்கள்தான் என்று விளக்கவுரைகளில் ஒரு கருத்து வருகிறது. செய்தி நபி (ஸல்) அவர்களுக்குப் போனது. தாயைச் சொல்லியா அவரை இழிவுபடுத்தினீர் என்று கேட்டு, உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத்தின் குணம் இருக்கிறது என்று கண்டித்தார்கள். ஆரம்பத்திலேயே இஸ்லாத்திற்கு வந்த ஒரு ஸஹாபியிடம் சொல்லப்பட்ட வார்த்தை அது! அதன் பிறகு அபூதர் (ரலி) அவர்கள் தாம் உடுத்தியது போன்ற ஆடையையே தம் அடிமைக்கும் உடுத்தினார்கள். ஒரே ஒரு சொல் அவர்களின் வாழ்க்கையை அப்படி மாற்றியது. நம் பையனோ ஒரு ராத்திரியில் பத்துப் பேருடைய உம்மாவைத் திட்டிவிட்டு, காலையில் தன் உம்மா சுட்டுத் தரும் தோசையைச் சாப்பிடுகிறான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒருவன் தன் பெற்றோரைத் தானே ஏசுவது பெரும்பாவம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அப்படியும் ஒருவன் செய்வானா என்று தோழர்கள் வியந்தார்கள். இவன் பிறருடைய தந்தையை ஏசுகிறான், பதிலுக்கு அவன் இவனுடைய தந்தையை ஏசுகிறான் என்று விளக்கம் வந்தது. மைக்கில் நடப்பது அப்படியே இதுதான். அத்தாவும் உம்மாவும் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். யாரோ ஒருவன் அவர்களை ஏசுவதற்கு மகனே வாசலைத் திறந்து வைத்திருக்கிறான்.

தோற்பது பிடிக்கவில்லை, அதுதானே இத்தனைக்கும் காரணம்? நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு ஒட்டகம் இருந்தது. அதை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. கிராமவாசி ஒருவர் ஓர் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு மனம் தாங்கவில்லை. நபி (ஸல்) அவர்களோ, உலகில் உயர்ந்துவிட்ட எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடமாட்டான், அது அவன் மீதுள்ள கடமை என்ற கருத்தில் பேசி முடித்துவிட்டார்கள். வென்றவரை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லவில்லை. இங்கே ரேங்க் கொஞ்சம் இறங்கினால் செல்போன் சுவரில் பறக்கிறது!

வாப்பாமார்களே, ஹெட்செட் போட்டிருப்பதால் பாதிப் பேச்சுதான் நமக்குக் கேட்கிறது. உங்கள் பிள்ளை திட்டுகிறவனா, திட்டு வாங்கிக்கொண்டு வாய்மூடி உட்கார்ந்திருப்பவனா? ஒருநாள் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். 18 வயது ஆகாதவர்கள் நாளைக்கு 3 மணி நேரம்தான் விளையாடலாம், அதற்கும் பெற்றோரின் எண்ணுக்கு ஓடிபி வரும் என்று பிஜிஎம்ஐ வந்தபோதே விதி வைத்தார்கள். அந்த எண்ணை ஏன் எதற்கென்று கேட்காமல் படித்துச் சொன்னவர்கள் யார்?

இளைஞர்களே, எனக்குப் பயமாக இருப்பது இந்த இடத்தில்தான். தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு வந்தும் மறுமையில் ஓட்டாண்டியாக நிற்பவனைப் பற்றிய முஸ்லிம் ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். ஒருவரை ஏசியதற்காக இவனுடைய நன்மைகள் அவருக்குப் போய்விடும். அடியார்களின் ஹக்கில், பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்பது தவ்பாவின் ஒரு பகுதி. தெருவில் ஒருவரைத் திட்டினால் வீடு தேடிப் போகலாம். 'கில்லர்', 'கிங்' என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தவனை எங்கே போய்த் தேடுவீர்கள்? அவன் மதுரையா, மலப்புறமா, டாக்காவா? முஸ்லிமா, இல்லையா? எவராக இருந்தாலும் அவருக்கு ஹக்கு இருக்கிறது.

சமீபத்தில் கூட விளையாடியவர்களின் பட்டியல் விளையாட்டிலேயே இருக்குமாம். இன்று அஸருக்குப் பிறகு அதைத் திறந்து பாருங்கள். யாரைத் திட்டினோம் என்று நினைவிருந்தால், "நேற்றுப் பேசியது தவறு, மன்னித்துவிடுங்கள்" என்று ஒரு வரி அனுப்புங்கள். அவன் சிரிக்கலாம், பதிலுக்குத் திட்டலாம், அனுப்பிவிடுங்கள். ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாதவர்களுக்கு துஆச் செய்யுங்கள், முடிந்தால் சதகா கொடுங்கள். அந்த ஒரு வரியை அனுப்பும் துணிவை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தருவானாக. ஆமீன்.