பெட்டி வந்து சேரவில்லை

மேடையில் வித்தை காட்டுபவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: அடுத்து என்ன வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. ரகசியத்துக்காக மட்டும் இல்லை. புறா வரவேண்டிய இடத்தில் வரவில்லை என்றால் ஒரு கைக்குட்டையை உருவிக் காட்டி முடித்துக்கொள்ளலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புறா என்று ஒன்று இருந்ததே தெரியாது. வேறு தொழிலில் எவருக்கும் வாய்க்காத சலுகை இது. கல்யாணச் சமையல்காரர் பாயசம் இல்லாததை அப்படி மறைத்துவிட முடியுமா?

பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாரியம்மன் திருவிழா. கரகமும் காவடியும் முடிந்து, ராத்திரி மேஜிக் ஷோ. வித்தைக்காரர் வந்துவிட்டார், அவருடைய தகரப் பெட்டி வரவில்லை. கும்பகோணத்தில் பஸ் மாறும்போது மேலே கட்டியிருந்ததை இறக்காமல் விட்டுவிட்டார்களாம். விழாக் கமிட்டிப் பெரியவர் கலங்கிப்போனார்.

“பெட்டி இல்லாம என்ன தம்பி செய்வீங்க? பாட்டுக் கச்சேரிக்காரங்களையே இன்னும் கொஞ்ச நேரம் இழுக்கச் சொல்லவா?”

“வேணாங்கய்யா. வாய் குறுகின பித்தளைச் சொம்பு ஒண்ணு, ஒரு படி பச்சரிசி, நீளமா ஒரு கத்தி. இவ்ளோ போதும்.”

சொம்பும் அரிசியும் எதிர்வீட்டிலேயே கிடைத்தன. கத்திக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு அரிவாள்மணைதான். கடைசியில் டீக்கடையில் பன் நறுக்கும் கத்தியைக் கழுவி வாங்கி வந்தோம்.

சொம்பு நிறைய அரிசியைக் கொட்டி உள்ளங்கையால் தட்டி அமுக்கினார். கத்தியைச் செருகினார், உருவினார். சுலபமாக வந்துவிட்டது. மறுபடியும் குத்தினார், இன்னும் கொஞ்சம் ஆழமாக. பேச்சு மட்டும் நிற்கவே இல்லை. முன்வரிசைப் பையன்களை மந்திரம் சொல்லச் சொன்னார், அவர்கள் தப்பாகச் சொன்னதால்தான் கத்தி வெளியே வந்துவிடுகிறது என்று கோபித்துக்கொண்டார். கடைசிக் குத்தில் கத்தியை அடிவரை இறக்கி, பிடியை மட்டும் பற்றித் தூக்கினார். சொம்பும் கூடவே எழுந்து அந்தரத்தில் தொங்கியது.

இதில் மந்திரமும் இல்லை, மறைவும் இல்லை. ஒவ்வொரு குத்துக்கும் அரிசி மணிகள் இடம் மாறி நெருங்கி உட்காருகின்றன. நெருங்க நெருங்க ஒரு பக்கம் கத்தியையும் மறுபக்கம் சொம்பின் சுவரையும் இறுக்குகின்றன. குறுகிய கழுத்து அவற்றை மேலே பிதுங்க விடாது. அந்த உராய்வே சொம்பின் கனத்தைத் தாங்கிவிடும். மரக்காலைக் குலுக்கி அளந்தால் நெல் கூடுதலாகப் பிடிக்கும் என்பது களத்தில் கூலி நெல் வாங்கிய எவருக்கும் தெரிந்த சங்கதி. அன்றைய கூட்டத்தில் அப்படி வாங்கியவர்கள் நிறையப் பேர். ஆனாலும் வாயைப் பிளந்துதான் பார்த்தார்கள்.

சமயத்தில் உதித்த யோசனை என்று எல்லாரும் மெச்சினோம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சந்தைகளில் செப்படி வித்தை காட்டியவர்களிடம் வளர்ந்தவராம். மூன்று கிண்ணம், நாலு உருண்டை, சுற்றிலும் ஜனம், திரை கிடையாது. அந்தக் காலத்தில் கற்றதுதான் சொம்பு வித்தை. பெட்டி வாங்கிய பிறகு அதைத் தொடவே இல்லையாம்.

ரொபேர்-ஊதேனின் கதையும் இந்த ரகம்தான். ஹூடினி தன் மேடைப் பெயரை இந்தப் பிரெஞ்சு வித்தைக்காரரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். 1856-ல் பிரெஞ்சு அரசு இவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மக்களிடம் செல்வாக்கோடு இருந்த சமயப் பெரியவர்களின் வித்தையைவிடப் பிரெஞ்சு வித்தை பெரிது என்று காட்டவேண்டுமாம். (வித்தைக்கு இப்படியும் ஒரு வேலை.) உள்நாட்டில் ஒரு தலைவரிடம் விருந்தாளியாக இருந்தபோது ஒருவர் துப்பாக்கியைக் காட்டி, சுடுகிறேன், குண்டைப் பிடி என்றார். அல்ஜியர்ஸ் மேடையில் பிடித்துக் காட்டியவர்தான், ஆனால் சாதனம் எதுவும் கைவசம் இல்லை. தாயத்தை அல்ஜியர்ஸிலேயே விட்டுவிட்டேன், பிரார்த்தனை செய்துவிட்டுக் காலையில் வருகிறேன் என்று தவணை வாங்கினார். அந்த ராத்திரி மெழுகுவர்த்தியை உருக்கி, கரியைக் குழைத்து, அச்சில் வார்த்து ஈயக்குண்டு போலவே பொய்க் குண்டுகள் செய்தார். ஒன்றின் உள்ளே தன் ரத்தத்தையே நிரப்பினார். விடிந்ததும் அவரைச் சுட்டார்கள், பல்லிடுக்கில் குண்டு! பிறகு அவர் சுவரைச் சுட்டார், சுவரில் ரத்தக் கறை. இது அவரே எழுதிவைத்தது என்பதால் மிளகு கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம். கடிகார வேலை பழகிய விரல்கள் அவருக்கு. இருந்தாலும் எனக்கு அந்தச் சாமர்த்தியத்தைவிடப் பெரிதாகப் படுவது, பொய் சொல்லியாவது அவர் வாங்கிக்கொண்ட அந்த ஒரு ராத்திரிதான்.

நம் ஊர் வித்தைக்காரருக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். பணம் கொடுக்கும்போது கமிட்டியில் ஒருவர் கேட்டார்: “பெட்டியே இல்லாம இவ்ளோ பண்றீங்களே, அப்புறம் பெட்டிக்குன்னு தனியா வண்டிச்சத்தம் எதுக்கு?” கைதட்டியவரும் அவர்தான். சமாளித்தவனின் சாமர்த்தியம் மறுநாளே அவன் கணக்கில் கழிவாக ஏறிவிடுகிறது. வீட்டுச் செலவை இழுத்துப் பிடிக்கிற பெண்களைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்கள்.

காவிரி டெல்டா விவசாயிக்கும் இப்படி வந்து சேராமல் போகிற பெட்டி ஒன்று உண்டு: ஜூன் 12. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையைக் குறுவைக்காகத் திறக்கும் வழக்கமான நாள் அது. 2024-ல் அன்று திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். வித்தைக்காரருக்கு இருந்த சலுகை இங்கே கிடையாது. என்ன பயிர், எப்போது என்பதெல்லாம் ஊரறிந்தது. நகை அடகுக்குப் போய், விதையும் வீட்டுக்கு வந்திருக்கும். போர் செட் இருப்பவர் குறுவை நடுவார். இல்லாதவர் சம்பாவுக்குக் காத்திருப்பார். தண்ணீர் இன்னும் பிந்தினால் 150 நாளுக்கு மேல் வேண்டிய சி.ஆர். 1009 ரகத்தை விட்டுவிட்டு வயது குறைந்த விதையைத் தேட வேண்டும். கடைமடையில் புழுதி விதைப்பு: கோடை உழவு போட்டுக் காய்ந்த மண்ணிலேயே விதைத்து மழையை எதிர்பார்ப்பது. முளைத்தாலும் களையோடு மல்லுக்கட்டுதான். ஆற்றுத் தண்ணீரை நம்பாமல் பிழைத்தவர்களின் பழைய கைப்பழக்கம் அது.

ஒரு கூட்டத்தில் இதைப் புகழ்ந்து பேசினார்கள், விவசாயியின் சமயோசிதம் என்று. வேதாரண்யம் பக்கத்துக்காரர் ஒருவர் எழுந்தார். “புழுதி விதைப்பு எங்களுக்குத் தெரியும் சார். தெரியுதுங்கிறதுக்காக வருஷா வருஷம் அதையே செய்யச் சொன்னா எப்படி?” தலைவர் தலையசைத்துவிட்டு, அடுத்து உரக் கையிருப்பைப் பற்றிப் பேசலாம் என்றார்.