பூட்டிய புதன்கிழமைகள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2009 செப்டம்பர் தொடங்கிச் சில மாதங்களுக்கு, ஒவ்வொரு மாதமும் மூன்றாம் புதன்கிழமை நீதிமன்றங்கள் திறக்கவில்லை. விடுமுறையோ வேலைநிறுத்தமோ காரணமில்லை. மாநிலத்தின் கஜானா வற்றிப்போனதால், மாதம் ஒருநாள் கதவடைத்துச் செலவைக் குறைப்பது என்று முடிவாகியிருந்தது. வீட்டு வாடகை வழக்கோ, பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கோ உள்ள ஒருவர் அந்த நாளில் படியேறி வந்திருந்தால் பூட்டைத்தான் பார்த்திருப்பார். இதற்குச் சட்டமன்றம் இடம் கொடுத்தது; முடிவெடுத்தது நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் உறுப்பினர்களாக அமர்ந்திருக்கும் நீதித்துறைப் பேரவை.

அதே ஆண்டுகளில், அதே பேரவையின் மேற்பார்வையில், ஒரு கணினித் திட்டத்துக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. மாநிலத்தின் 58 கவுன்ட்டிகளில், அதாவது மாவட்டங்களில், உள்ள நீதிமன்றங்களை ஒரே மென்பொருளில் இணைப்பது நோக்கம். 2004இல் 26 கோடி டாலர் என்று போட்ட மதிப்பீடு 2010இல் 190 கோடியைத் தொட்டது. திட்டமிடலே சரியில்லை என்று 2011 பிப்ரவரியில் மாநிலத் தணிக்கை அறிக்கை சொன்னது. ஏறக்குறைய 50 கோடி டாலர் கரைந்த பிறகு, 2012 மார்ச்சில் பேரவை திட்டத்தைக் கைவிட்டது.

இதை ஊழல் கதையாக வாசித்தால் எளிதாக முடிந்துவிடும். ஆனால் அந்த நோக்கத்தில் பழுது சொல்ல முடியாது. கணவனின் அடிக்கு அஞ்சி ஒரு கவுன்ட்டியில் பாதுகாப்பு உத்தரவு பெற்ற பெண், அடுத்த கவுன்ட்டிக்குக் குடிபோனால் அங்குள்ள நீதிமன்றத்தின் கணினியில் அந்த உத்தரவு தெரியாமல் போகலாம். அதைத் தீர்க்க நினைத்ததில் என்ன தவறு? கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. நல்ல நோக்கமுள்ள, சட்டம் படித்த, மதிப்புக்குரிய மனிதர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்துவிட்டால் கண்காணிப்பு தானாக நடந்துவிடுமா?

பேரவையை 1926இல் மக்கள் வாக்களித்து மாநில அரசியலமைப்பில் சேர்த்தார்கள். வாக்குரிமை உள்ளவர்கள் 21 பேர். தலைமை நீதிபதி தலைவர். அவர் நியமிக்கும் நீதிபதிகள் 14 பேர். வழக்கறிஞர் கழகம் அனுப்பும் வழக்கறிஞர்கள் 4 பேர். சட்டமன்றத்தின் இரு அவைகளிலிருந்து அவைக்கு ஒருவர். நிதியைப் பங்கிடுவது, நடைமுறை விதிகளை வகுப்பது, நிர்வாகத்தை மேற்பார்வையிடுவது எல்லாம் இவர்கள் பொறுப்பு.

நீதிபதிகளின் கையிலேயே இந்தப் பொறுப்பு இருப்பதற்கு வலுவான நியாயம் உண்டு. அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதிபதியின் மேசை, நாற்காலி, எழுத்தர் சம்பளம் எல்லாவற்றையும் அந்த அரசே நாளுக்கு நாள் அளந்து கொடுத்தால் தீர்ப்பின் முதுகெலும்பு வளைந்துவிடும். 1997 வரை கலிபோர்னியாவின் விசாரணை நீதிமன்றங்கள் கவுன்ட்டிகளின் பணத்தைப் பெரிதும் நம்பியிருந்தன. பணக்கார ஊரின் நீதிமன்றம் வேறு, ஏழை ஊரின் நீதிமன்றம் வேறு என்ற நிலை. அந்த ஆண்டு வந்த சட்டம் செலவை மாநிலத்தின் பொறுப்பாக்கியது. பங்கிடும் வேலை பேரவையிடம் வந்தது. நீதி ஊருக்கு ஊர் மாறக் கூடாது என்பதே அதன் அறம்.

ஆனால் அதிகாரம் ஓரிடத்தில் குவியும்போது, இடித்துச் சொல்லும் வாயும் அதே இடத்தில் இருக்க வேண்டும். அந்த மேசையில் ‘கூடாது’ என்று சொல்வதன் விலை என்ன? நீதிபதி உறுப்பினருக்கு, தன்னை அங்கே அமர்த்தியவரே தலைமையில் இருக்கிறார். வழக்கறிஞர் உறுப்பினரின் சங்கடம் இன்னும் நெருக்கமானது. இன்று எதிர்த்துப் பேசிய அதே நீதிபதியின் முன்னால், நாளை அவர் கட்சிக்காரருக்காக எழுந்து நிற்க நேரலாம். யாரும் பழிவாங்க வேண்டியதில்லை. பழிவாங்குவார்களோ என்ற எண்ணம் ஒன்றே போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அது பண்பாகத் தெரியும், நாகரிகமாகவும் தெரியும். ஆனால் அந்த மௌனத்துக்கான கட்டணத்தைச் செலுத்துபவர் பூட்டிய கதவின் முன் நிற்பவர்.

இதில் ஒரு முரண் உண்டு. நீதிமன்றத்தில் எந்த நீதிபதியும் ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தியடைய மாட்டார். எதிர்த்தரப்பு எங்கே என்பார், ஆவணம் எங்கே என்பார். நிர்வாக மேசையிலோ, பேரவையின் நிர்வாக அலுவலகம் கொண்டுவந்து வைக்கும் கோப்பு ஒன்றுதான் தரப்பு. எதிர்வாதம் செய்ய யாருக்கும் வக்காலத்து இல்லை. வழக்கறிஞர் மொழியில் சொன்னால், எக்ஸ்பார்ட்டி, ஒருதரப்பு விசாரணை. கலிபோர்னியாவிலும் உரத்த எதிர்ப்பு மேசைக்கு வெளியிலிருந்தே வந்தது. நீதிபதிகளில் ஒரு பிரிவினர் 2009இல் தனி அமைப்பு கண்டு, பேரவை உறுப்பினர்களைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். பேரவையின் அதிகாரத்தைக் குறைத்து விசாரணை நீதிமன்றங்களுக்குக் கூடுதல் உரிமை தரும் மசோதா, 2012 ஜனவரியில் கீழவையில் நிறைவேறி மேலவையில் நின்றுபோனது.

பேரவையின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2011இல் பொறுப்பேற்ற தலைமை நீதிபதி டானி கான்டில்-சகாவுயே, தம் நிர்வாக அலுவலகத்தை ஆராயத் தாமே ஒரு குழுவை அமைத்தார். 2012 மே மாதம் வந்த அதன் அறிக்கை அந்த அலுவலகத்தைக் கடுமையாக விமர்சித்தது. ஆலோசனைக் குழுக்களின் கூட்டங்களும் 2014இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். கண்ணாடி வைத்துப் பார்க்கத் துணிந்தால் தெரியும் என்பதற்கு இது சான்று. ஆனால் கண்ணாடி வந்தது பணம் போன பிறகு.

ஆகவே, நீதிமன்ற நிர்வாகம் நீதித்துறையின் கையிலேயே இருப்பது சரி. கேள்வி கேட்கும் கடமை உறுப்பினரின் மனத்துணிவை மட்டும் நம்பி இருப்பது சரியில்லை. பெரிய செலவுத் திட்டம் ஒவ்வொன்றுக்கும் எதிர்வாதம் செய்ய ஒருவரை அந்த மேசையே நியமிக்கட்டும். வழக்கறிஞர்கள் அங்கே அமர்வதற்கு மரியாதையைத் தாண்டிய பொருள் அப்போதுதான் கிடைக்கும். எதிர்த்தரப்பாக நிற்பதுதானே அவர்கள் தொழில். உறுப்பினர்களைப் பல கைகள் தேர்ந்தெடுப்பது அதைவிட நல்லது. கலிபோர்னியாவின் 21 வாக்குகளில் 14 வாக்குகளுக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுப்பது இன்னும் ஒரே கைதான்.